கவ்வாத்துக்குக் கீழே ஈரம்

ஆடி பிறந்தால் பூனாகலையில் கச்சான் ஓயாது. மலைக்கு அந்தப் பக்கம் மழையைக் கொட்டிவிட்டு, காய்ந்துபோய் ஊவாவுக்குள் இறங்கும் காற்று. ஊவாத் தேயிலைக்குப் பேர்பெற்ற வாசம் கிடைப்பது இந்தக் காற்றில்தான். லயத்துக்குப் பின்னால் போஞ்சியும் கோவாவும் வாடுவதும் இதே காற்றில்தான்.

அந்த நாட்களில் கவ்வாத்து வெட்டிய மலையில், நிரைக்கு நடுவே கிடக்கும் குச்சியையும் இலையையும் விலக்கி விரலை விட்டுப் பாருங்கள். மண் கறுத்து, குளிர்ந்து, விரலில் ஒட்டும். வெயிலும் காற்றும் அங்கே எட்டவில்லை. பத்தடி தள்ளி, சுரண்டியால் துப்புரவாகச் சுரண்டிய இடத்தில் விரல் இறங்காது. மேலே அப்பளம் போல ஒரு தோல்.

அந்தத் தோல் மழை செய்த வேலை. பெரிய துளி நொடிக்கு 9 மீற்றர் வேகத்தில் விழும். வெறும் மண்ணில் கட்டிகள் உடைந்து, துகள்கள் துளைகளை அடைத்துவிடும். அடுத்த மழை உள்ளே இறங்காமல், மேல்மண்ணையும் இழுத்துக்கொண்டு கானில் ஓடும். கோப்பிக் காலத்திலிருந்து மலையகம் இப்படி இழந்த மண் கொஞ்சமல்ல.

உள்ளே போன நீரிலும், 0.03 மில்லிமீற்றரை விடப் பெரிய துளைகளில் இருப்பது ஓரிரு நாளில் வடிந்துவிடும். அதைவிடச் சிறியவற்றில் நிற்பதே செடிக்கு. அத்துளைகளை உக்கலும் மண்புழுவும் பெருக்கும். ஆனால் கூட்டெரு மட்டும் போட்டால் போதும் என்பதை நான் ஏற்கமாட்டேன். சிட்னிப் பல்கலைக்கழகத்தின் மினாஸ்னியும் மெக்பிராட்னியும் 50,000க்கு மேற்பட்ட அளவீடுகளைத் திரட்டி 2018இல் எழுதினார்கள்: மண்ணில் சேதனக் காபன் நூற்றுக்கு ஒன்று கூடினால், 100 லீற்றர் மண்ணில் செடிக்குக் கிடைக்கும் நீர் சராசரியாக 1.2 லீற்றர்தான் கூடும். எருவைப் போட்டு, அதன்மேல் மண்ணைப் போர்த்தவும் வேண்டும்.

தோட்டத்துக்கு இது புதிதல்ல. பழைய தேயிலையைப் பிடுங்கிய நிலத்தில் மானாப்புல்லோ குவாத்தமாலாப் புல்லோ 18 முதல் 24 மாதம் வளர்த்து, வெட்டி அங்கேயே பரப்பிய பிறகே கன்று நடச் சொல்கிறது தலவாக்கலைத் தேயிலை ஆராய்ச்சி நிலையம். மரக்கறிப் பாத்திக்கும் மானாப்புல், கிளிசிரிடியாக் கிளை, சவுக்கு இலை என்று நான்கு விரல் உயரம் பரப்பலாம். தண்டில் மட்டும் படக்கூடாது. மண் ஈரமாக இருக்கும்போதே போடுங்கள். காய்ந்த மண்மேல் போட்டால், பிறகு வரும் தூறல் புல்லோடு நின்றுவிடும்.

சமவெளியில் மழைநீரைத் தேக்கக் குழி வெட்டச் சொல்வார்கள். அது இந்தச் சரிவுக்கு ஆகாது. 2014 ஒக்டோபர் 29இல் பக்கத்து மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போயின. 2023 மார்ச்சில் பூனாகலையிலேயே மண் சரிந்தது. ஆழத்தில் சேரும் நீர் மண்ணின் பிடியைத் தளர்த்திவிடும். நமக்கு வேண்டியது மேல் ஒரு சாண் மண்ணில் பரவி நிற்கும் ஈரம். மிஞ்சியது கான் வழியே போகட்டும். பாத்தியைச் சரிவுக்குக் குறுக்கே போடுங்கள், வெட்டிய புல் கானை அடைக்காமல் பாருங்கள். லயத்துக்கு மேலே குழி வேண்டவே வேண்டாம்.