எழும்ப மறுத்த கணினி

கணினி எழும்பாவிட்டால் வீட்டில் முதலில் வரும் கேள்வி, "நீ என்ன செஞ்ச?" என்பதுதான். எங்கள் வீட்டிலும் அதுதான் வந்தது. கேட்டவர் உம்மா. பதில் சொல்லவேண்டியவள் நான். ஏனென்றால் உண்மையிலேயே நான் ஏதோ செய்திருந்தேன்.

எங்கள் கணினி கடையில் பெட்டியோடு வாங்கியதல்ல. நானா கட்டாருக்குப் போவதற்கு முன் பாவித்த பாகங்களை ஒவ்வொன்றாக வாங்கிப் பொருத்தியது. அதன் செயலி 2011ஆம் ஆண்டில் வெளியான இன்டெல் கோர் ஐ3-2100, அதாவது இரண்டாம் தலைமுறை. 8 ஜிகாபைட் ராம், 500 ஜிகாபைட் வன்தட்டு, விண்டோஸ் 10. எனது ஐ.சி.ரி. பாடத்துக்கு இது தாராளமாகப் போதும்.

2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு விண்டோஸ் 10க்கான இலவச ஆதரவு முடிந்தது. முடிந்தது என்றால் கணினி அன்றே நின்றுவிடும் என்று அர்த்தமல்ல. பாதுகாப்பு ஓட்டைகளை அடைக்கும் புதுப்பிப்புகள் வழக்கம்போல் வராது, அவ்வளவுதான். (பதிவு செய்துகொள்ளும் வீட்டுப் பாவனையாளர்களுக்கு 2026 ஒக்டோபர் 13 வரை பாதுகாப்புப் புதுப்பிப்புகளை நீடிக்கும் திட்டம் ஒன்றை மைக்ரோசொப்ட் அறிவித்தது. அதை நான் பிந்தித்தான் அறிந்தேன்.) சரி, 2021இல் வெளிவந்த விண்டோஸ் 11ஐப் போடலாம் என்றால், அது கேட்பவை வேறு. 4 ஜிகாபைட் ராமும் 64 ஜிகாபைட் இடமும் எங்களிடம் உண்டு. ஆனால் ரி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும், செக்கியூர் பூட் வசதியும், அவர்கள் பட்டியலில் உள்ள செயலியும் வேண்டும். இன்டெல் என்றால் அந்தப் பட்டியல் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையில்தான் தொடங்குகிறது. நாங்கள் இரண்டில் நிற்கிறோம்.

இந்தப் பரிசோதனையைத் தாண்ட வழி இருக்கிறது. ரூபஸ் என்ற சிறிய மென்பொருளால் பென் டிரைவைத் தயாரிக்கும்போது, "இந்தக் கேள்விகளைக் கேட்காதே" என்று நிறுவியிடம் சொல்லிவிடலாம். இப்படிப் போட்ட கணினிகளுக்குப் புதுப்பிப்புகள் வருமென்று உத்தரவாதம் இல்லை என்று மைக்ரோசொப்ட் சொல்கிறது. அதைத் தெரிந்துகொண்டேதான் செய்தேன். வாப்பா வாங்கித் தந்த 240 ஜிகாபைட் எஸ்.எஸ்.டி.யைப் பொருத்தினேன். பழைய வன்தட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது. விண்டோஸ் 11 எஸ்.எஸ்.டி.யில் ஏறியது. இரண்டு வாரம் ஒரு குறையுமில்லை.

பிறகு பழைய வன்தட்டு 'டிக், டிக்' என்று சத்தம் போடத் தொடங்கியது. அதிலிருந்த கோப்புகளை எஸ்.எஸ்.டி.க்கு மாற்றிவிட்டு, ஒரு சனிக்கிழமை அதைக் கழற்றி அலுமாரியில் வைத்தேன். அன்றிரவு மின்சாரமும் போய் வந்தது. காலையில் கணினியைப் போட்டால் கறுப்புத் திரை, அதில் வெள்ளை எழுத்தில் ஒரே வரி: 'ரீபூட் அண்ட் செலக்ட் ப்ரொப்பர் பூட் டிவைஸ்'. பொருத்தமான பூட் சாதனத்தைத் தெரிவுசெய்து மீண்டும் தொடங்கு என்கிறது. மின்வெட்டுத்தான் கெடுத்தது என்று நினைத்தேன்.

எஸ்.எஸ்.டி.யில் எனது செயற்றிட்டத்துக்கான தரவுத்தளம் இருந்தது. ஒப்படைக்க ஒன்பது நாள்தான் மிச்சம். அதைவிட, உம்மம்மா மௌத்தாவதற்கு முந்திய நோன்புப் பெருநாளன்று நானா எடுத்த வீடியோவும் அதில்தான். வேறெங்கும் பிரதி இல்லை. வாப்பா கணினியை ஒரு கடைக்குக் கொண்டுபோனார். அங்கே இருந்தவர் திரையை ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, "ஆதரவில்லாத விண்டோஸ் போட்டா இப்படித்தான். போர்மட் பண்ணித்தான் ஆகணும்" என்றார். போர்மட் என்றால் எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்குவது. வாப்பா கணினியைத் திருப்பிக் கொண்டுவந்துவிட்டார்.

இரவு நானாவுக்கு அழைப்பு எடுத்தேன். அவர் ஏசவில்லை. ஒன்றுதான் கேட்டார்: "தங்கச்சி, கடைசியா திரையில என்ன தெரிஞ்சிச்சு?"

அந்தக் கேள்வியை விளங்கிக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. கணினி எழும்புவது நமது விளையாட்டுப் போட்டியில் நடக்கும் அஞ்சலோட்டம் மாதிரி. ஒருவர் ஓடி வந்து அடுத்தவர் கையில் கோலைக் கொடுக்கிறார். தோற்றுப்போனால் நான்கு பேரையும் ஏசிப் பயனில்லை, கோல் எந்த இடத்தில் விழுந்தது என்று பார்க்க வேண்டும். திரையில் கடைசியாகத் தெரிந்ததுதான் கோல் விழுந்த இடம்.

முதலில் ஓடுவது மின்சாரம். அதை வாங்கிக்கொள்வது தாய்ப்பலகையில் உள்ள பயோஸ், புதிய பலகைகளில் யு.ஈ.எப்.ஐ. அது ராம், திரை அட்டை, விசைப்பலகை என்று ஒவ்வொன்றாகச் சோதித்துவிட்டு, தாய்ப்பலகை நிறுவனத்தின் இலச்சினையைக் காட்டும். இவ்வளவும் நடக்கும்வரை விண்டோஸ் ஒரு எழுத்துக்கூட வாசிக்கப்படவில்லை. ஆகவே விசிறி சுற்றுகிறது, திரையில் எதுவுமே வரவில்லை என்றால் விண்டோஸைத் திரும்பப் போட்டுப் பிரயோசனமில்லை. மின்னிணைப்பைக் கழற்றி, ராமை வெளியே எடுத்து, அதன் பொன்னிறப் பற்களை அழிறப்பரால் மெதுவாகத் தேய்த்துத் திரும்பச் செருகுங்கள். பழைய கணினிகளில் இது எத்தனையோ தடவை கைகொடுக்கும். கைகளில் தேங்கும் நிலைமின் சில்லுகளைக் கெடுக்கலாம் என்பதால், முதலில் பெட்டியின் உலோகப் பகுதியைத் தொட்டுவிட்டுத் தொடங்குவது நல்லது.

இந்த முதல் கட்டத்தில் நாமே வினை தேடிக்கொள்ளும் சந்தர்ப்பமும் உண்டு. விண்டோஸ் 11இன் நிபந்தனையை எப்படியாவது நிறைவேற்றுவோம் என்று பயோஸுக்குள் போய், பழைய முறையில் தொடங்கும் வசதியை நிறுத்தி யு.ஈ.எப்.ஐ.யை மட்டும் வைப்பவர்கள் இருக்கிறார்கள். பழைய திரை அட்டைகள் சிலவற்றுக்கு அந்த முறை தெரியாது. திரை முழுக் கறுப்பாகிவிடும், மாற்றியதைத் திருத்தப் பயோஸுக்குள் போகவும் கண் தெரியாது. பயப்பட வேண்டாம். மின்னிணைப்பைக் கழற்றி, தாய்ப்பலகையில் உள்ள வட்டமான சிறு பற்றரியைச் சில நிமிடங்கள் எடுத்து வைத்தால் பெரும்பாலும் அமைப்புகள் பழைய நிலைக்குத் திரும்பும்.

எங்கள் கணினியில் இலச்சினை வந்தது. அதற்குப் பிறகுதான் அந்த வெள்ளை வரி. அப்படியானால் முதல் ஓட்டக்காரர் ஒழுங்காக ஓடிவந்து கோலை நீட்டியிருக்கிறார். வாங்க ஆளில்லை.

வாங்கவேண்டியவர் யார்? பழைய முறையில் பயோஸ், தட்டின் முதல் 512 பைட்டுகளை வாசிக்கும். அதில் 446 பைட்டுகள் தொடக்கும் குறிமுறைக்கு, 64 பைட்டுகள் தட்டு எப்படிப் பிரிக்கப்பட்டிருக்கிறது என்ற அட்டவணைக்கு, கடைசி 2 பைட்டுகள் 'இது பூட் செய்யக்கூடிய தட்டு' என்ற அடையாளத்துக்கு. உலகத்துப் படங்களையெல்லாம் காட்டும் இயந்திரம் இந்த அரைக் கிலோபைட்டை நம்பி எழும்புகிறது என்பதை முதலில் வாசித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. அந்தக் குறிமுறை, 'அக்டிவ்' என்று குறிக்கப்பட்ட பிரிவைத் தேடி அங்கிருந்து பூட் மனேஜரை எழுப்பும். அதுதான் விண்டோஸ் எங்கே இருக்கிறது என்று பார்த்துக் கூப்பிடும். யு.ஈ.எப்.ஐ. முறையில் இதற்கென்றே தனியாக ஒரு சிறு பிரிவு இருக்கும். எங்களுடையது பழைய முறை.

"விண்டோஸ் எஸ்.எஸ்.டி.யிலதானே இருக்கு நானா?" என்றேன். "விண்டோஸ் அங்க இருக்கு. அதை எழுப்புற ஆள் எங்க இருக்கான்?" என்றார் அவர்.

அப்போதுதான் விளங்கியது. விண்டோஸை நிறுவும்போது, ஏற்கெனவே பூட் செய்யும் பிரிவோடு இன்னொரு தட்டு இணைந்திருந்தால், எழுப்பும் கோப்புகளை நிறுவி அங்கேயே எழுதிவிடுவது வழக்கம். என் விண்டோஸ் 11 எஸ்.எஸ்.டி.யில் குடியிருந்தது, வாசல் திறப்போ பழைய வன்தட்டில் கிடந்தது. அந்தத் திறப்பைத்தான் நான் கழற்றி அலுமாரியில் வைத்துவிட்டேன். அறிகுறியும் முன்பே இருந்தது. இரண்டு வாரமாகக் கணினி தொடங்கும்போதெல்லாம், எந்த விண்டோஸ் வேண்டும் என்று கேட்டு இரண்டு பெயர்களைக் காட்டும் நீலத் திரை ஒன்று வந்துகொண்டிருந்தது. நான் அதைத் தொந்தரவு என்று மட்டுமே நினைத்தேன்.

வன்தட்டைத் திரும்பச் செருகினேன். இலச்சினை வந்தது, நீலத் திரை வந்தது, விண்டோஸ் வந்தது. உம்மா பின்னால் நின்று, "அல்ஹம்துலில்லாஹ்" என்றார். எதையும் திருத்துவதற்கு முன் வீடியோவையும் தரவுத்தளத்தையும் பென் டிரைவில் பிரதியெடுத்தேன். இந்த ஒழுங்கை யாரும் மாற்றவேண்டாம். விண்டோஸே வராத நிலையிலும் வழியுண்டு. பென் டிரைவிலிருந்து ஒரு லினக்ஸை ஓடவிட்டால், எதையும் நிறுவாமலே தட்டிலுள்ள கோப்புகளைப் பார்த்து எடுத்துக்கொள்ளலாம். தட்டு பழுதில்லாமலும் பூட்டிடப்படாமலும் இருந்தால் போதும்.

நிரந்தரத் தீர்வு பத்து நிமிட வேலை. டிஸ்க் மனேஜ்மென்டில் எஸ்.எஸ்.டி.யின் விண்டோஸ் பிரிவை 'அக்டிவ்' என்று குறித்தேன். பிறகு பி.சி.டி.பூட் என்ற கட்டளைக்கு, விண்டோஸ் கோப்புறை எது, எழுப்பும் கோப்புகளை எந்தப் பிரிவில் எழுதவேண்டும், முறை பழைய பயோஸ் என்ற மூன்றையும் கொடுத்தேன். இது விண்டோஸோடு வரும் கட்டளைதான், வெளியே தேடவேண்டியதில்லை. கணினியை நிறுத்தி, வன்தட்டைக் கழற்றி, பயோஸில் எஸ்.எஸ்.டி.யை முதலாவதாக வைத்தேன். எழும்பியது. இம்முறை நீலத் திரை வரவில்லை. புதிதாக நிறுவப்போகிறவர்களுக்கு இன்னும் இலகுவான வழி, விண்டோஸ் ஏறவேண்டிய தட்டைத் தவிர மற்றெல்லாத் தட்டுகளின் வயரையும் நிறுவும் நேரத்தில் கழற்றிவிடுவது.

ஆகவே கடையில் சொன்ன காரணம் சரியல்ல. ஆதரவில்லாதது என்பதற்கும் எங்கள் கணினி எழும்பாததற்கும் சம்பந்தமே இருக்கவில்லை. ஆதரவுள்ள புத்தம்புதுக் கணினியிலும் இதே தவறைச் செய்யலாம்.

ஆனால் அந்தக் காரணம் மெய்யாகவே பொருந்திய கணினி ஒன்றும் அடுத்த மாதமே என்னிடம் வந்தது. சாச்சி வீட்டுக் கணினி, கோர் 2 டுவோ செயலி. என் 'வெற்றி'யைக் கேள்விப்பட்டு எனக்கும் போட்டுத் தா என்றார். அதே ரூபஸ், அதே பென் டிரைவ். விண்டோஸ் சின்னம் தெரியும் நேரத்தில் கணினி தானாக அணைந்து மறுபடி தொடங்கியது. மறுபடியும், மறுபடியும். இங்கே கோல் விழுந்தது கடைசி ஓட்டக்காரரிடம், விண்டோஸிடமே.

காரணம் பொப்கவுன்ட் என்ற ஒரு சிறிய அறிவுறுத்தல். ஓர் இரும எண்ணில் எத்தனை 1கள் இருக்கின்றன என்று எண்ணிச் சொல்வது அதன் வேலை. 10110 என்று கொடுத்தால் 3 என்று விடை வரும். இன்டெல் செயலிகளில் இது 2008இல் வந்த முதல் கோர் ஐ7களிலிருந்துதான் இருக்கிறது. கோர் 2 டுவோவில் இல்லை. 2024 ஒக்டோபரில் வந்த விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்பு இது இல்லாமல் எழும்பாது. எங்கள் ஐ3இல் அது இருந்ததால்தான் நான் தப்பினேன்.

ரி.பி.எம். இருக்கிறதா என்று நிறுவி கேட்பது வாசலில் நிற்கும் காவலாளி கேட்கும் கேள்வி. அவரைத் தாண்டிப் போகலாம், உள்ளே வேலை நடக்கும். பொப்கவுன்ட் அப்படியல்ல. செயலிக்குத் தெரியாத கட்டளையை எந்த ரூபஸும் கற்றுக்கொடுக்க முடியாது. 'ஆதரவில்லை' என்ற ஒரே சொல்லுக்குள் 'நாங்கள் பொறுப்பில்லை' என்பதும் இருக்கிறது, 'முடியவே முடியாது' என்பதும் இருக்கிறது. எது என்று பார்க்காமல் நான் சாச்சியின் ஒரு நாளை வீணாக்கினேன். கடைசியில் அதில் லினக்ஸ் மின்ட் போட்டுக் கொடுத்தேன். பிள்ளைகள் பாடம் பார்க்கவும் கடிதம் அடிக்கவும் அது போதுமாயிருக்கிறது.

பழைய தாய்ப்பலகை வைத்திருப்பவர்களுக்கு இன்னொன்று. நேற்றுவரை ஓடிய கணினி, மின்சாரம் போய் வந்தபின் 'இன்எக்சசிபிள் பூட் டிவைஸ்' என்று நீலத் திரை காட்டினால், கடிகாரத்தைப் பாருங்கள். திகதி பல வருடங்கள் பின்னால் போயிருந்தால், நான் மேலே சொன்ன அந்த வட்டப் பற்றரி செத்துவிட்டது. அதோடு பயோஸ் தன் அமைப்புகளை மறந்து, தட்டோடு பேசும் முறையை ஏ.எச்.சி.ஐ.யிலிருந்து ஐ.டி.ஈ.க்கு மாற்றியிருக்கக்கூடும். விண்டோஸ் ஒரு மொழியில் காத்திருக்கிறது, தட்டு இன்னொரு மொழியில் பேசுகிறது. சி.ஆர். 2032 என்று கேட்டுப் புதிய பற்றரி போட்டு, முறையைப் பழையபடி மாற்றினால் சரி. அதற்கும் போர்மட் வேண்டியதில்லை.

பெற்றோர் கேட்கக்கூடும், இப்படி விண்டோஸ் போடுவது பாதுகாப்பா என்று. எங்கள் கணினிக்கு இதுவரை மாதாந்தப் புதுப்பிப்புகள் வருகின்றன. ஒருநாள் நிற்கலாம். அதனால் வங்கி விடயங்களை வாப்பா அதில் பார்ப்பதில்லை.

செயற்றிட்டத்தை உரிய நாளில் ஒப்படைத்தேன். உம்மம்மாவின் வீடியோ இப்போது மூன்று இடங்களில் இருக்கிறது. கணினிப் பெட்டியின் பக்கக் கதவின் உட்புறத்தில் நானா சொன்னபடி ஒரு தாளும் ஒட்டியிருக்கிறேன்: தொடங்கும் முறை பழையது, தட்டு ஏ.எச்.சி.ஐ., பற்றரி மாற்றிய திகதி இது. அதன் கீழே உம்மா தன் கையெழுத்தில் ஒரு வரி சேர்த்திருக்கிறார். "கழட்டுறதுக்கு முந்தி என்னிட்ட கேக்கவும்."