சிம்பன்சி நமக்குத் தாத்தா முறையா, பங்காளி முறையா?

‘மனிதன் குரங்கிலிருந்து வந்தான் என்றால், இன்றைய குரங்குகள் ஏன் இன்னும் குரங்காகவே இருக்கின்றன?’ பள்ளிப் பிள்ளைகளும் இதைக் கேட்கிறார்கள், நன்கு படித்த பெரியவர்களும் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் அதற்குள் ஒரு தவறான நினைப்பு ஒளிந்திருக்கிறது. டீயைக் குடித்துக்கொண்டே அதை நிதானமாகப் பிரித்துப் பார்ப்போம்.

நமக்கும் நம் பெரியப்பா பேரனுக்கும் முன்னோர் ஒருவர்தான். அவருடைய பிள்ளைகளில் ஒருவர் ஊரிலேயே தங்கினார், இன்னொருவர் பிழைப்பு தேடி வெளியூர் போனார். இரண்டு குடும்பங்களும் தனித்தனியே பெருகின. நாம் அந்தப் பங்காளிக்குப் பிறந்தவர்கள் என்று யாரும் சொல்வதில்லை. நாம் வந்த பிறகும் அவர் ஏன் இருக்கிறார் என்றும் கேட்பதில்லை. சிம்பன்சி நமக்கு இந்த முறைதான். இரண்டு கிளைக்கும் பொதுவான மூதாதை ஏறத்தாழ 60 முதல் 70 லட்சம் ஆண்டுகளுக்கு முன் ஆப்பிரிக்காவில் வாழ்ந்தது. அது மனிதனும் அல்ல, சிம்பன்சியும் அல்ல. நம் கோயில்களில் தேங்காய் பறிக்கும் வாலுள்ள குரங்கு இன்னும் தூரத்து உறவு. அதனோடு நமக்குள்ள பொது மூதாதையைத் தேட இரண்டரைக் கோடி ஆண்டுகளுக்கும் மேல் பின்னால் போக வேண்டும்.

சரி, பிரிந்த பிறகு நம் கிளை மட்டும் மாறியது, சிம்பன்சி அப்படியே நின்றுவிட்டது என்று எண்ணலாமா? அதற்கும் இடமில்லை. பெற்றோரிடமிருந்து பிள்ளைக்குப் போகும் மரபுச் செய்தி டிஎன்ஏ என்ற மூலக்கூறில் நான்கே எழுத்துகளால் எழுதப்பட்டிருக்கிறது. நமக்கு அது சுமார் 300 கோடி எழுத்து நீளம். சிம்பன்சியின் டிஎன்ஏயில் பெரும்பகுதியைப் படித்து நம்முடையதோடு ஒப்பிட்ட முடிவு 2005இல் வெளியானது. ஒரே ஓர் எழுத்து மட்டும் மாறியிருக்கும் இடங்கள் ஏறக்குறைய மூன்றரைக் கோடி. அவற்றில் பாதியளவு நம் கிளையில் நேர்ந்தவை, மறுபாதி சிம்பன்சியின் கிளையில் நேர்ந்தவை. நாம் பயணம் செய்த அதே காலம் அதுவும் பயணம் செய்திருக்கிறது. போன திசைதான் வேறு.

இந்த உறவுக்கு என்ன சாட்சி? டிஎன்ஏ இழை உயிரணுவுக்குள் துண்டு துண்டாகச் சுருண்டிருக்கிறது. ஒவ்வொரு துண்டும் ஒரு குரோமோசோம். நமக்கு 23 ஜோடி. சிம்பன்சி, கொரில்லா, ஒராங்குட்டான் மூன்றுக்கும் 24 ஜோடி. மூவரிடமும் 24 இருப்பதால், மூதாதைக்கும் அதுவே இருந்திருக்க வேண்டும். அப்படியானால் நம்முடைய ஒரு ஜோடி எங்கே போனது? முழு ஜோடியும் தொலைந்திருந்தால் உயிர் பிழைத்திருக்க முடியாது. ஆகவே இரண்டு துண்டுகள் ஒட்டிக்கொண்டிருக்க வேண்டும். ஒட்டிய தடம் எங்காவது தென்பட வேண்டும்.

அந்தத் தடம் தென்பட்டது. ஒவ்வொரு குரோமோசோமின் இரு முனைகளிலும் டெலோமியர் என்ற பகுதி உண்டு. ஆறு எழுத்துகள் திரும்பத் திரும்ப வரும். அது முனையில் மட்டுமே இருக்க வேண்டியது. 1991இல் யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நம்முடைய இரண்டாம் குரோமோசோமின் நடுப்பகுதியில் இரண்டு டெலோமியர்கள் முட்டிக்கொண்டு நிற்பதைக் காட்டினார்கள். இன்று சிம்பன்சியிடம் தனித்தனியாக இருக்கும் இரண்டு குரோமோசோம்கள் நம் கிளையில் ஒன்றாகிவிட்டன.

இத்தனைக்குப் பிறகும் தவறான நினைப்பு போகாததற்கு ஒரு படமும் காரணம். குனிந்த குரங்கு ஒன்று கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்ந்து, வரிசையின் கடைசியில் மனிதனாக நடக்கும் படம். 1965இல் ருடால்ஃப் சாலிங்கர் ஒரு நூலுக்காக வரைந்தது. பிறகு எண்ணற்ற நகல்கள் வந்துவிட்டன. பார்ப்பவர் மனதில் அது ஓர் ஏணியாகப் பதிகிறது. உண்மையில் நம் கிளையே பல கிளைகளாகப் பிரிந்தது. 1974இல் எத்தியோப்பியாவின் ஹதாரில் கிடைத்த ‘லூசி’ 32 லட்சம் ஆண்டுகள் பழைய எலும்புக்கூடு. அவள் இரண்டு காலில் நடந்தவள். அவள் இனத்தின் மூளையோ சிம்பன்சியின் மூளையைவிடச் சற்றே பெரியது. நியாண்டர்தால் மனிதர் நம் முன்னோரோடு ஒரே காலத்தில் வாழ்ந்தார்கள், கலந்து பிள்ளையும் பெற்றார்கள். ஆப்பிரிக்காவுக்கு வெளியே வேர்கொண்ட மக்களின் டிஎன்ஏயில் இன்றும் சுமார் 2 சதவீதம் அவர்களுடையது.

பரிணாமத்துக்குச் சேர வேண்டிய ஊர் என்று ஒன்று கிடையாது. அந்தந்த இடத்தில், அந்தந்தக் காலத்தில், எந்த மாற்றம் அதிகப் பிள்ளைகளைப் பிழைக்க வைத்ததோ அது நிலைத்தது, அவ்வளவுதான். காட்டில் பழம் தேடி மரமேறும் உயிருக்கு மனிதனாக வேண்டிய தேவையே இல்லை.

ஏணியை விட்டுவிடுவது மனிதர்களுக்குள்ளும் முக்கியம். சில மக்களை ‘வளர்ச்சி குறைந்தவர்கள்’ என்று கீழ்ப்படியில் நிறுத்தவும், அவர்களைக் கூண்டில் வைத்துக் காட்சிப்படுத்தவும் இதே ஏணியைத்தான் பயன்படுத்தினார்கள். ஆனால் எந்த இரண்டு மனிதரை எடுத்தாலும் டிஎன்ஏ எழுத்துகளில் ஏறத்தாழ 99.9 சதவீதம் ஒன்றுதான். காட்டில் வேட்டையாடுபவரும் நகரத்தில் கணினி முன் உட்கார்ந்திருப்பவரும் ஒரே அளவு நீளமான வம்சாவளியின் இன்றைய நுனிகள். ஒருவரைக் காட்டி இன்னொருவரின் பழைய வடிவம் என்று சொல்ல மரபணுவில் எந்த ஆதாரமும் இல்லை.