காய்ச்சல் வந்தால் ஏன் தூக்கம் வருகிறது?

குட்டீஸ், உங்களுக்குக் காய்ச்சல் வந்த நாளை நினைத்துப் பாருங்கள். பிடித்த பலகாரத்தைக் கொடுத்தாலும் சாப்பிடத் தோன்றாது. நண்பர்கள் விளையாடக் கூப்பிட்டாலும் எழுந்திருக்க மனம் வராது. போர்வைக்குள் சுருண்டு தூங்கினால் போதும் என்றிருக்கும். கிருமி இருப்பதோ தொண்டையில். அப்புறம் ஏன் இப்படி?

உங்களைப் படுக்கச் சொல்வது உங்கள் மூளைதான்!

ரத்தத்தில் உள்ள வெள்ளை அணுக்கள் கிருமிகளோடு சண்டை போடும் என்று படித்திருப்பீர்கள். ஆனால், ரத்தத்தில் இருப்பதெல்லாம் மூளைக்குள் நுழைந்துவிட முடியாது. அங்கே ஒரு தடுப்பு உண்டு. அதனால் மூளைக்கென்று தனிக் காவல் செல்கள் இருக்கின்றன. அவற்றின் பெயர் மைக்ரோகிளியா. 1919ல் ஸ்பெயின் நாட்டு விஞ்ஞானி பியோ டெல் ரியோ ஒர்டேகா, சாயமேற்றும் புதிய முறையால் இவற்றைத் தனியாக அடையாளம் காட்டினார்.

நோய் இல்லாத நேரத்தில் இவை சும்மா இருக்கும் என்றே பலகாலம் நினைத்தார்கள். 2005ல் உயிருள்ள எலியின் மூளையை நுண்ணோக்கியில் பார்த்தபோது உண்மை தெரிந்தது. கிளை போன்ற மெல்லிய கைகளை நீட்டி மடக்கி, இவை சுற்றிலும் துழாவிக்கொண்டே இருந்தன. சின்னக் காயம் பட்டதும், சில நிமிடங்களில் அந்தக் கைகள் அங்கே நீண்டன!

சரி, தொண்டையில் கிருமி வந்தது மூளைக்கு எப்படித் தெரியும்? வெள்ளை அணுக்கள் 'சைட்டோகைன்' என்ற வேதிப்பொருளைச் சுரக்கின்றன. அந்தச் செய்தி ரத்தம் வழியாகவும் நரம்பு வழியாகவும் மூளைக்குப் போகிறது. மைக்ரோகிளியாவும் சைட்டோகைனைச் சுரந்து செய்தியைப் பரப்புகின்றன. உடனே மூளை உடம்புச் சூட்டைக் கூட்டுகிறது; பசியைக் குறைக்கிறது; சோர்வைத் தருகிறது. ஓடியாடச் செலவாகும் சக்தி, கிருமியை எதிர்க்கப் பயன்படுகிறது.

கிருமி மூளைக்குள்ளேயே புகுந்துவிட்டால்? மைக்ரோகிளியா கைகளைச் சுருக்கிக்கொண்டு பருத்து, கிருமிகளையும் இறந்த செல்களையும் விழுங்கும். ஆனால், இந்தச் சண்டை அளவு மீறினால் நல்ல நரம்புச் செல்களும் சேதமாகும். மூளைக்காய்ச்சல் ஆபத்தானதாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். கொசுவால் பரவும் ஜப்பானிய மூளைக்காய்ச்சலுக்குத் தடுப்பூசி இருக்கிறது.

காய்ச்சலோடு கடுமையான தலைவலி, கழுத்து விறைப்பு, மனக்குழப்பம் இருந்தால் உடனே பெரியவர்களிடம் சொல்லுங்கள். தாமதிக்காமல் டாக்டரிடம் போக வேண்டும்.

சாதாரணக் காய்ச்சல்தான் என்று டாக்டர் சொன்னாலும், கிரிக்கெட் மட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள். நன்றாக ஓய்வெடுங்கள். உங்கள் மூளை கேட்பதும் அதைத்தானே!