ஹாம் ரேடியோ லைசென்ஸ் வாங்குவது எப்படி? 'ரெஸ்ட்ரிக்டட்', 'ஜெனரல்' என்ன வித்தியாசம்? தேர்வில் என்ன கேட்பார்கள்?

2004 டிசம்பர் 26. சுனாமி தாக்கியதும் அந்தமானில் தொலைபேசி இணைப்புகள் முடங்கின. அப்போது போர்ட் பிளேரிலிருந்து வெளியுலகுக்குத் தகவல் சொன்னவர்களில் ஒருவர் பாரதி பிரசாத். அவர் ராணுவ அதிகாரி அல்ல. ஹாம் ரேடியோ லைசென்ஸ் வைத்திருந்தவர். பல நாட்டு ஹாம்களோடு பேசுவதற்காகத்தான் அந்த மாதம் ஒரு குழுவுடன் அங்கே போயிருந்தார். பொழுதுபோக்குக்காகக் கொண்டுபோன கருவிகள், சொந்தங்களின் நிலை தெரியாமல் தவித்தவர்களுக்குச் செய்தி கொண்டுபோகும் வழியாக மாறின.

சரி, இந்த லைசென்ஸை யார் வாங்கலாம்? என்ன படிக்க வேண்டும்?

ஹாம் ரேடியோ என்றால் என்ன?

செல்போன் டவரோ இன்டர்நெட்டோ இல்லாமல், சொந்தக் கருவியையும் ஆன்டெனாவையும் வைத்து மற்றவர்களோடு பேசுவதுதான் ஹாம் ரேடியோ. 2025 ஜூலையில் விண்வெளி வீரர் சுபான்ஷு சுக்லா சர்வதேச விண்வெளி நிலையத்திலிருந்து இந்தியப் பள்ளி மாணவர்களோடு பேசியதும் இதன் வழியாகத்தான்.

இதில் வியாபாரம் பேசக் கூடாது. பாட்டு ஒலிபரப்பக் கூடாது. ரகசியக் குறியீட்டில் பேசக் கூடாது.

சும்மா பேசுவதற்கு எதற்குத் தேர்வு?

எஃப்.எம். ரேடியோ கேட்பவரால் யாருக்கும் தொந்தரவு இல்லை. ஆனால் ஹாம் சிக்னலை வெளியே அனுப்புகிறார். ஹாம்கள் அதிகம் பயன்படுத்தும் 144 - 146 மெகாஹெர்ட்ஸ் பகுதிக்குக் கொஞ்சம் கீழே, 118 முதல் 137 மெகாஹெர்ட்ஸ் வரை விமானிகள் கட்டுப்பாட்டு அறையோடு பேசுகிறார்கள். தவறாக அமைத்த ஒரு கருவி அங்கே போய்க் குறுக்கிட்டால் விளைவு விபரீதமாகலாம். அதனால்தான், எவ்வளவு தெரியுமோ அவ்வளவு அனுமதி என்று லைசென்ஸைப் படிப்படியாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள்.

இந்தியாவில் எத்தனை நிலைகள்?

முன்பு அதிக நிலைகள் இருந்தன. 1978ஆம் ஆண்டு விதிகளில் செய்த திருத்தத்துக்குப் பிறகு இரண்டாகச் சுருங்கிவிட்டன: ரெஸ்ட்ரிக்டட், ஜெனரல். 12 வயது நிறைந்தவர்கள் தேர்வு எழுதலாம். இன்ஜினியரிங் பட்டம் தேவையில்லை.

அழைப்புக்குறியைப் பார்த்தாலே பொதுவாக நிலை தெரிந்துவிடும். ரெஸ்ட்ரிக்டட் என்றால் 'வி.யு.3', ஜெனரல் என்றால் 'வி.யு.2' என்று தொடங்கும். முன்னாள் பிரதமர் ராஜீவ் காந்தியும் ஒரு ஹாம்தான். அவருடைய அழைப்புக்குறி வி.யு.2.ஆர்.ஜி.

தேர்வில் என்ன கேட்பார்கள்?

எழுத்துத் தேர்வில் இரண்டு பகுதிகள். முதல் பகுதி அடிப்படை மின்னியலும் ரேடியோவும். பிளஸ் டூ இயற்பியல் படித்தவர்களுக்குப் பாதி பாடம் ஏற்கெனவே தெரிந்ததாக இருக்கும்.

உதாரணத்துக்கு, 12 வோல்ட் பேட்டரியில் 6 ஓம் மின்தடையை இணைத்தால் எவ்வளவு மின்சாரம் பாயும்? 12ஐ 6ஆல் வகுத்தால் 2 ஆம்பியர். ஓம் விதி அவ்வளவுதான்.

இன்னொன்று, 145 மெகாஹெர்ட்ஸுக்குக் கால் அலைநீள ஆன்டெனா எவ்வளவு நீளம்? 300ஐ 145ஆல் வகுத்தால் அலைநீளம் சுமார் 2.07 மீட்டர். அதில் கால் பங்கு சுமார் 52 சென்டிமீட்டர். இந்தக் கணக்கு தெரிந்தால் வீட்டிலேயே ஆன்டெனா செய்துவிடலாம்.

இரண்டாவது பகுதி விதிமுறைகள். எந்த அலைவரிசையில் பேசலாம், எதைப் பேசக் கூடாது, ஆபத்து அழைப்பு வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று கேட்பார்கள். 'கியூ' குறியீடுகளும் உண்டு. இருக்கும் இடத்தைச் சொல்ல 'கியூ.டி.ஹெச்.', தகவல் கிடைத்தது என்று உறுதி சொல்ல 'கியூ.எஸ்.எல்.'.

ரெஸ்ட்ரிக்டட் தேர்வு ஒரு மணி நேரம், 100 மதிப்பெண். ஒவ்வொரு பகுதியிலும் 40 சதவீதம், மொத்தத்தில் 50 சதவீதம் வேண்டும். ஒன்றில் நிறைய வாங்கி இன்னொன்றைக் கோட்டை விட்டால் ஃபெயில்தான். பலர் ரேடியோ பாடத்தை விழுந்து விழுந்து படித்துவிட்டு விதிமுறைகளைக் கடைசி நாளில் புரட்டுகிறார்கள். அது ஆபத்து.

மோர்ஸ் கட்டாயமா?

ரெஸ்ட்ரிக்டட் நிலைக்கு வேண்டாம். ஜெனரலுக்கு வேண்டும். எழுத்துத் தேர்வும் இன்னும் விரிவாக இருக்கும். அதோடு நிமிடத்துக்கு 8 சொல் வேகத்தில் மோர்ஸை அனுப்பவும் கேட்டு எழுதவும் தெரிய வேண்டும். ஒரு சொல்லுக்கு 5 எழுத்து என்று கணக்கு. அதாவது 5 நிமிடத்தில் 200 எழுத்துகள். பிழைகள் 5ஐத் தாண்டினால் தேர்ச்சி இல்லை.

இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். புள்ளி, கோடு என்று அட்டவணை பார்த்து மனப்பாடம் செய்வதுதான் காரணம். காதில் ஒலி விழுந்ததும் மனசுக்குள் அட்டவணையைத் தேடினால் அடுத்த எழுத்து ஓடிவிடும். ஒவ்வொரு எழுத்தையும் ஆரம்பத்திலேயே வேகமாக ஒலிக்கவிட்டு, எழுத்துகளுக்கு நடுவில் மட்டும் நிறைய இடைவெளி வைத்துப் பழக வேண்டும். பழகப் பழக இடைவெளியைக் குறைக்கலாம். ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி நேரம் உட்காருவதைவிட, தினமும் 15 நிமிடம் கேட்பது பலன் தரும்.

ஜெனரலுக்குப் போனால் என்ன லாபம்?

முக்கியமாகப் பவர். நெடுந்தூரம் பேச உதவும் சிற்றலையில் ரெஸ்ட்ரிக்டட் ஹாமுக்கு 50 வாட் வரை அனுமதி. ஜெனரலுக்கு 400 வாட். எட்டு மடங்கு பவர் என்றால் எட்டு மடங்கு தூரம் என்று நினைத்துவிட வேண்டாம். கேட்பவரின் சிக்னல் மீட்டரில் முள் சுமார் ஒன்றரைப் படிதான் ஏறும். நல்ல உயரத்தில் ஒழுங்காகக் கட்டிய ஆன்டெனா இருந்தால் 50 வாட்டிலேயே கடல் கடந்து பேசலாம்.

மற்ற நாடுகளில் எப்படி?

அமெரிக்காவில் மூன்று நிலைகள்: டெக்னீஷியன், ஜெனரல், எக்ஸ்ட்ரா. முதல் தேர்வில் 35 கேள்விகளுக்கு 26 சரியாக இருந்தால் போதும். கேள்வித் தொகுப்பு முழுவதையும் முன்பே வெளியிட்டுவிடுகிறார்கள். பிரிட்டனிலும் மூன்று: ஃபவுண்டேஷன், இன்டர்மீடியட், ஃபுல். மோர்ஸ் கட்டாயம் என்ற சர்வதேச விதி 2003இல் நீங்கியது. பிரிட்டன் அதே ஆண்டிலும், அமெரிக்கா 2007இலும் அந்தத் தேர்வைக் கைவிட்டன.

பாஸ் பண்ணியதும் பேசலாமா?

கூடாது! தேர்வில் வென்றால் கிடைப்பது 'அமெச்சூர் ஸ்டேஷன் ஆபரேட்டர்' சான்றிதழ். அதை வைத்து மத்திய தொலைத்தொடர்புத் துறையின் டபிள்யூ.பி.சி. பிரிவிடம் லைசென்ஸுக்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். அழைப்புக்குறியோடு லைசென்ஸ் கைக்கு வந்த பிறகுதான் மைக்கைத் தொடலாம். அதுவரை மற்றவர்கள் எப்படிப் பேசுகிறார்கள் என்று கேட்டுக்கொண்டிருப்பது நல்ல பயிற்சி.

ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கும் வாக்கி-டாக்கியை வாங்கி நேராகப் பேச ஆரம்பிப்பவர்கள் கவனிக்க வேண்டும். லைசென்ஸ் தேவைப்படும் அலைவரிசையில் அது இல்லாமல் பேசுவது சட்டப்படி குற்றம். இப்படிப்பட்ட கருவிகளை உரிய விவரம் சொல்லாமல் விற்றதற்காக மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2025 மே மாதம் ஆன்லைன் விற்பனைத் தளங்களுக்கு நோட்டீஸ் அனுப்பியது.

எதில் தொடங்கலாம்?

மோர்ஸை நினைத்துத் தள்ளிப்போடுவதைவிட ரெஸ்ட்ரிக்டட் எழுதிவிடுவது நல்லது. லைசென்ஸ் வந்ததும் பேசிக்கொண்டே மோர்ஸ் பழகலாம், பிறகு ஜெனரல் எழுதலாம். சென்னை உள்ளிட்ட ஊர்களில் தேர்வு நடக்கிறது. தேதியையும் கட்டணத்தையும் 'சரல் சஞ்சார்' இணையதளத்தில் பார்த்துவிட்டு விண்ணப்பிக்கவும். உங்கள் ஊருக்குப் பக்கத்தில் ஹாம் கிளப் இருந்தால் போய்ப் பாருங்கள். புயல் வந்து டவர் சாய்ந்த பிறகு கற்றுக்கொள்ளக் கூடிய விஷயம் இல்லை இது.