வாஷிங் மெஷின் எத்தனை குடம் குடிக்கிறது?

2019 கோடையில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஏரிகள் வற்றியபோது, சென்னையில் தெருவுக்குத் தெரு குடங்கள் வரிசைகட்டி லாரித் தண்ணீருக்குக் காத்திருந்தன. ஒரு குடம் சுமார் 15 லிட்டர் பிடிக்கும். டாப் லோட் வாஷிங் மெஷின் ஒரு முறை துவைத்து முடிக்கப் பெரும்பாலும் 100 லிட்டருக்கு மேல் இழுக்கும். அதாவது, ஏழெட்டுக் குடம். மெஷின் வாங்கப் போனால் விலை, வாரன்டி, எத்தனை கிலோ என்றெல்லாம் விசாரிக்கிறோம். இந்தக் குடக் கணக்கை மட்டும் கேட்பதில்லை.

டாப் லோடில் தொட்டி செங்குத்தாக நிற்கிறது. துணி மிதந்து சுழல வேண்டுமென்றால், அது மூழ்கும் அளவுக்குத் தண்ணீர் நிரம்ப வேண்டும். அலசுவதற்கும் மறுபடி நிரம்ப வேண்டும். ஃப்ரண்ட் லோடில் டிரம் படுக்கைவாட்டில் சுழல்கிறது. தண்ணீர் அடியில் கொஞ்சம்தான் நிற்கும். டிரம்மின் உள்சுவரில் உள்ள மேடுகள் ஈரத்துணியை மேலே தூக்கிச் சென்று கீழே போடுகின்றன. துவைக்கும் கல்லில் அடிப்பதுபோல, விழும் வேகமே அழுக்கைக் கிளப்பிவிடுகிறது. அதனால் 7 கிலோ மெஷினுக்கு ஏறத்தாழ 50 முதல் 70 லிட்டர் போதும்.

பிறகு ஏன் ‘ஃப்ரண்ட் லோட் கரன்ட்டைத் தின்னும்’ என்கிறார்கள்? காரணம் உள்ளே இருக்கும் ஹீட்டர். ஒரு லிட்டர் தண்ணீரின் வெப்பநிலையை ஒரு டிகிரி உயர்த்த 4.2 கிலோஜூல் ஆற்றல் தேவை. 28 டிகிரியில் வரும் 15 லிட்டரை 60 டிகிரிக்கு ஏற்றினால், தண்ணீருக்கு மட்டுமே அரை யூனிட்டுக்கு மேல் செலவாகிவிடும். மோட்டாரும் பம்பும் எடுத்துக்கொள்வது அதைவிடக் குறைவு.

ஐரோப்பாவில் குளிர்காலக் குழாய்த் தண்ணீர் 10 டிகிரிக்கும் கீழே இறங்கும்; அங்கே ஹீட்டருக்கு வேலை உண்டு. நம் ஊர்க் குழாயிலோ 28, 30 டிகிரியில்தான் வருகிறது. வியர்வை, உணவுக் கறைகளைச் சிதைக்க இன்றைய சலவைத்தூள்களில் சேர்க்கப்படும் புரோட்டியேஸ், லிப்பேஸ் போன்ற நொதிகளுக்கு இந்தச் சூடே போதும். பல மெஷின்களில் ‘காட்டன்’ என்று திருப்பியதும் 40 டிகிரி தானாக வந்து நிற்கும். அதை ‘கோல்டு’க்கு மாற்றிவிடுங்கள். நோயாளியின் படுக்கை விரிப்பு, தூசிப்பூச்சி ஒவ்வாமை உள்ளவரின் தலையணை உறை போன்றவற்றுக்கு மட்டும் 60 டிகிரி வைக்கலாம்.

மத்திய அரசின் எரிசக்தித் திறன் அமைப்பான பி.இ.இ., வாஷிங் மெஷின்களுக்கான நட்சத்திரக் குறியீட்டை 2019-இல் விருப்பத் திட்டமாகத் தொடங்கியது. கடையில் நட்சத்திரத்தை எண்ணுவதோடு நிற்காமல், ஒரு கிலோ துணிக்கு எத்தனை யூனிட், எத்தனை லிட்டர் என்ற எண்களையும் பாருங்கள். லிட்டர் கணக்கை மெஷினின் கிலோவால் பெருக்கினால் ஒரு சலவைக்கான தண்ணீர் கிடைத்துவிடும். கிலோவுக்கு 9 லிட்டர் என்றால், 7 கிலோ மெஷினுக்கு 63 லிட்டர், நாலு குடத்துக்குச் சற்று மேல். ஆனால் டிரம் நிறையத் துணி போட்டால்தான் இந்தக் கணக்கு பொருந்தும். பாதித் துணி போட்டால் தண்ணீர் சரிபாதியாகக் குறையாது. மூன்று பேர் உள்ள வீட்டுக்கு 10 கிலோ மெஷின் வாங்குவது வீண்.

வாங்கும் முன் வீட்டையும் பார்க்க வேண்டும். மொட்டை மாடித் தொட்டிக்கு நேர் கீழே குடியிருந்தால் தண்ணீர் அழுத்தம் போதாமல் ஃப்ரண்ட் லோட் திணறலாம். போர் தண்ணீர் கடினமாக இருந்தால், சூடாக்கும்போது ஹீட்டரில் சுண்ணாம்புப் படலம் படியும். கோல்டு வாஷுக்கு இது இன்னொரு காரணம். ஃப்ரண்ட் லோடில் சாதாரணத் தூளைப் போட்டால் நுரை பொங்கி, துணி விழும் வேகத்தைத் தடுக்கும். நுரையைக் கண்டதும் சில மெஷின்கள் இன்னொரு முறை அலசும். மிச்சப்படுத்திய தண்ணீர் அதிலேயே போய்விடும். நுரை குறைந்த தூளே இதற்கு ஏற்றது.

பட்ஜெட் இடிக்கிறதா? செமி ஆட்டோமேட்டிக்கும் மோசமில்லை. குழாயைத் திறந்துவிட்டு அலசாமல், கடைசி அலசல் நீரைப் பிடித்து அடுத்த ஈடுக்குப் பயன்படுத்தினாலே பாதிக் கவலை தீரும்.

தண்ணீருக்குத் தட்டுப்பாடு, வெயிலுக்குப் பஞ்சமில்லை என்ற நம் ஊருக்கு என் சிபாரிசு இதுதான்: அழுத்தம் போதுமென்றால் ஃப்ரண்ட் லோட், கோல்டு வாஷ், டிரம் நிறையத் துணி. காய வைக்க மொட்டை மாடிக் கொடி போதும். டிரையருக்குக் காசு கொடுக்காதீர்கள்.