மகப்பேற்றை நாடுவோர்க்கு முதற்படி

மணமான ஓராண்டுக்குள்ளாகவே "ஏதேனும் விசேஷம் உண்டா?" என்று வினவுவது நம்மவரிடையே நெடுநாளைய வழக்கம். ஊரில் வாழ்வோர்க்கு அக்கேள்வி திண்ணையிலும் திருமணப் பந்தியிலும் எழுகிறது. தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் வாழும் நம்போன்றோர்க்கோ அது தொலைபேசியின் வாயிலாக வந்து சேர்கிறது. கேட்போர் அன்பினால்தான் கேட்கின்றனர். ஆயினும் விடை கூறவேண்டிய பெண்ணின் உள்ளத்தில் அது மாதந்தோறும் ஒரு சுமையாக ஏறுகிறது. சிலர் வெட்கத்தினால் யாரிடமும் கூறாது ஆண்டுகளைக் கழித்துவிடுகின்றனர். வேறு சிலர் விளம்பரத்தில் கண்ட பெரிய சிகிச்சை நிலையத்துக்கு முதல் நாளே சென்று பெருந்தொகை செலவிடத் தொடங்குகின்றனர். இவ்விரண்டுக்கும் இடையே எளியதொரு வழி உண்டு. நாம் குடியிருக்கும் பகுதியிலேயே உள்ள மகப்பேறு மருத்துவரிடம் கணவனும் மனைவியும் சேர்ந்து சென்று பரிசோதனைகளை முறையாகத் தொடங்குவதே அவ்வழி.

எப்பொழுது செல்வது என்பதை முதலில் தெளிந்துகொள்வோம். கருத்தடை ஏதுமின்றி ஓராண்டு கூடி வாழ்ந்தும் கருத்தரிக்கவில்லையெனில் மருத்துவரை நாடுக என்பது பொதுவிதி. இளம் தம்பதிகளுள் நூற்றுக்கு எண்பதின்மருக்கு மேற்பட்டோர் அவ்வோராண்டுக்குள்ளேயே கருத்தரித்துவிடுகின்றனர். ஆகவே மூன்று மாதத்தில் மனம் தளர்வது வீண் கவலையே. ஆனால் மனைவிக்கு வயது 35-ஐக் கடந்திருந்தால் 6 மாதமே காத்திருத்தல் போதும். 40-ஐக் கடந்திருந்தால் காத்திருத்தலே கூடாது. பெண்ணின் சூல்முட்டைகள் பிறவியிலேயே எண்ணி வைக்கப்பட்டவை. அவை ஆண்டுதோறும் குறைகின்றன, புதிதாகத் தோன்றுவதில்லை. மாதவிலக்கு ஒழுங்கின்றி வருதல், பொறுக்கவொண்ணா வயிற்றுவலி, முன்னர்க் காசநோய் கண்டிருத்தல், அடிவயிற்றில் அறுவை நடந்திருத்தல், கணவனுக்கு விதை இறங்காமல் சிறுவயதில் சிகிச்சை பெற்றிருத்தல் ஆகியவற்றுள் ஒன்று இருப்பினும் ஓராண்டு என்ற கணக்கைப் பாராமல் முன்னதாகவே செல்லவேண்டும்.

அருகிலுள்ள மருத்துவரே ஏன் என்று சிலர் வினவக்கூடும். நம்மிடையே தலைப்பிரசவத்துக்குப் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அனுப்பும் வழக்கம் உண்டு. அவ்வழக்கத்தையே நீட்டி, குழந்தைப்பேற்றுச் சிகிச்சைக்கும் பெண்ணை மட்டும் மதுரைக்கோ கோவைக்கோ அனுப்பிவைக்கும் குடும்பங்கள் பலவுண்டு. பிரசவம் எவ்வூரிலும் நிகழலாம். ஆனால் கருத்தரிக்க வேண்டுமாயின் கணவனும் மனைவியும் ஓரிடத்தில் இருந்தாகவேண்டும்! கருத்தரிக்க ஏற்ற நாட்கள் மாதத்தில் ஏறத்தாழ ஆறே. சூல்முட்டை வெளிப்படும் நாளும் அதற்கு முந்திய ஐந்து நாட்களுமே அவை. மனைவி தாய்வீட்டிலும் கணவன் கரோல்பாகிலும் இருந்தால் அம்மாதம் வீணாயிற்று என்றே கொள்க.

அன்றியும், பரிசோதனைகள் பெண்ணுடலின் நாட்காட்டியைப் பின்பற்றியே நடைபெறுகின்றன. அலுவலக விடுமுறையை அவை பின்பற்றுவதில்லை. மாதவிலக்குத் தொடங்கிய 2 அல்லது 3-ஆம் நாளில் சில இரத்தப் பரிசோதனைகள் உண்டு. உதிரம் நின்ற பின்னர், சூல்முட்டை வெளிப்படுமுன், கருக்குழாயை எக்ஸ்ரே எடுக்கவேண்டும். அடுத்த மாதவிலக்குக்கு ஏறக்குறைய 7 நாள் இருக்கையில் மற்றோர் இரத்தப் பரிசோதனை. இருபத்தெட்டு நாள் சுழற்சியில் அது 21-ஆம் நாளாகும். முப்பத்தைந்து நாள் சுழற்சியுடையவர்க்கு 28-ஆம் நாளாகும். இவற்றை இரண்டு வார விடுமுறையில் ஊருக்குச் சென்று செய்துமுடிக்க இயலாது. வீட்டிலிருந்து நடந்தோ ஆட்டோவிலோ செல்லும் தொலைவில் மருத்துவர் இருந்தால் இவை யாவும் இரண்டு மாதங்களில் எளிதில் முடிந்துவிடும்.

இனி, நம் குடும்பங்களில் பேசத் தயங்கும் செய்திக்கு வருவோம். குழந்தையில்லையெனில் பெண்ணைப் பழிப்பது பண்டைய கொடுமை. மலடி என்ற சொல் நாவில் எளிதில் வருகிறது. ஆணைக் குறிக்கும் சொல்லோ வழக்கில் அரிதாகவே கேட்கிறது. மருத்துவம் காட்டும் உண்மை வேறு. குழந்தைப்பேறு தடைப்படும் தம்பதிகளுள் ஏறத்தாழப் பாதிப்பேரிடத்தில் ஆணின் குறையும், தனித்தோ பெண்ணின் குறையுடன் சேர்ந்தோ, காணப்படுகிறது. அதனைக் கண்டறியும் விந்துப் பரிசோதனையோ மற்றவற்றினும் எளிது, செலவும் குறைவு, ஊசியின் வலிகூட அதில் இல்லை. எனவே மனைவியின் கருக்குழாயை எக்ஸ்ரே எடுக்குமுன், கணவனின் விந்துப் பரிசோதனை முடிந்திருக்கவேண்டும். மருத்துவர் அதனைக் கேட்க மறந்தாலும் நாமே நினைவூட்டுதல் தகும்.

அப்பரிசோதனைக்கு முன் 2 முதல் 7 நாள் வரை உடலுறவைத் தவிர்த்திருத்தல் வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2021-இல் வெளியிட்ட கையேட்டின்படி, ஒரு மில்லிலிட்டரில் 1 கோடியே 60 லட்சம் உயிரணுக்கள் என்பது கீழ்வரம்பு. அதற்குச் சற்றுக் குறைந்ததனால் மட்டும் தந்தையாக இயலாது என்று முடிவு கட்டிவிடலாகாது. விந்தணு முதிர்வதற்கு ஏறத்தாழ 70 நாட்களுக்கு மேலாகிறது. சென்ற இரு மாதங்களில் கண்ட கடுங்காய்ச்சலும் இன்றைய கணக்கைக் குறைத்துக் காட்டக்கூடும். ஆதலால் முடிவு குறைவாக வந்தால் மூன்று மாதம் கழித்து மீண்டும் பார்ப்பது முறை. புகைபிடித்தலை நிறுத்துவதும், உடற்பயிற்சிக் கூடங்களில் சிலர் போட்டுக்கொள்ளும் ஆண்மை ஊசிகளை அறவே விடுவதும் இன்றியமையாதவை. தசையை வளர்க்கும் அவ்வூசி விந்தணு உற்பத்தியை நிறுத்திவிட வல்லது.

மனைவிக்குரிய பரிசோதனைகளில் மூன்று வினாக்களுக்கு விடை தேடப்படுகிறது. சூல்முட்டை மாதந்தோறும் வெளிப்படுகிறதா? கருக்குழாய்கள் திறந்துள்ளனவா? கருப்பை கருவைத் தாங்கும் நிலையில் உள்ளதா? முதல் வினாவுக்குத் தைராய்டு, புரோலாக்டின், புரோஜெஸ்டிரோன் ஆகியவற்றின் அளவு துணைசெய்யும். மூன்றாவது வினாவுக்கு ஸ்கேன் பெரும்பாலும் விடை தரும். இக்காலத்தில் ஏ.எம்.எச். என்னும் பரிசோதனை பெரிதும் பேசப்படுகிறது. எஞ்சியுள்ள முட்டைகளின் எண்ணிக்கையை அது ஒருவாறு உணர்த்தும். ஆனால் இயற்கையாகக் கருத்தரிக்க இயலுமா என்பதை அது கூறாது. அவ்வெண் குறைவு என்று கேட்டவுடன் அஞ்சி, அன்றே பெருஞ்சிகிச்சைக்குக் கையொப்பமிடுதல் வேண்டியதில்லை.

இரண்டாவது வினாவில் நம் நாட்டுக்கே உரிய ஒரு செய்தி உண்டு. கருக்குழாய் அடைபடுவதற்குக் காசநோய் இங்கே முக்கியக் காரணங்களுள் ஒன்று. நுரையீரலில் மட்டுமே அந்நோய் வரும் என்று எண்ணுவது தவறு. இருமலோ காய்ச்சலோ இன்றி, கருக்குழாயிலும் கருப்பையின் உட்சுவரிலும் அது மறைந்து வாழக்கூடும். மாதவிலக்கு வரவரக் குறைந்துபோவது அதன் அறிகுறிகளுள் ஒன்று. வீட்டில் யாருக்கேனும் முன்னர்க் காசநோய் இருந்திருந்தால், அதனை மறையாது மருத்துவரிடம் கூறவேண்டும். ஆறு மாத அளவில் மருந்துண்டு நோயைத் தீர்த்துக்கொள்ளலாம். ஆயினும் முன்னரே சிதைந்துபோன குழாய் எல்லார்க்கும் சீராவதில்லை. காலதாமதம் இங்கேதான் பெரும் இழப்பாக முடிகிறது.

வேற்றுமொழி வழங்கும் ஊரில் அந்தரங்கச் செய்திகளை எவ்வாறு எடுத்துரைப்பது என்பது நம் பெண்டிரின் நியாயமான கவலை. சந்தைக்குப் போதுமான இந்தியோ வங்காளியோ மருத்துவர் அறையில் கைகொடுப்பதில்லை. இதற்கு ஓர் உபாயம் உண்டு. ஒரு சிறு நோட்டில் சென்ற ஆறு மாதங்களில் மாதவிலக்குத் தொடங்கிய நாள், நீடித்த நாட்கள், மணமான ஆண்டு, முன்னர் நிகழ்ந்த கருச்சிதைவு, உண்டுவரும் மருந்துகளின் பெயர் ஆகியவற்றைத் தேதிவாரியாக எழுதிச் செல்லுங்கள். எண்களுக்கு மொழிபெயர்ப்பு வேண்டியதில்லை. அறிக்கைகள், எக்ஸ்ரே படங்கள் அனைத்தின் மூலப்பிரதியையும் ஒரே உறையில் நம்மிடமே வைத்துக்கொள்ளவேண்டும். மாற்றல் உத்தரவு வந்து நாக்பூருக்கோ புவனேசுவரத்துக்கோ செல்ல நேர்ந்தால், அவ்வுறையே புதிய மருத்துவருக்கு நம் வரலாற்றைச் சொல்லும். செய்த பரிசோதனையையே மீண்டும் செய்யும் செலவும் மிஞ்சும்.

முதற்சந்திப்பிலேயே செய்துகொள்ளத்தக்க ஆயத்தங்கள் சில. கருத்தரிக்குமுன்பே நாளொன்றுக்கு 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம் உண்டுவருதல், கருவில் தண்டுவடக் குறை நேராமல் காக்கும். ரூபெல்லா தடுப்பூசி போடாதவர் போட்டுக்கொண்டு ஒரு மாதம் கழித்தே கருத்தரிக்கலாம். இரத்தசோகை, சர்க்கரை இவற்றையும் பார்த்துச் சரிசெய்துகொள்ளுதல் நலம். உடல் பருத்து மாதவிலக்கு ஒழுங்கிழந்தவர்க்கு, எடையில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பங்கு குறைவதாலேயே சூல்முட்டை மீண்டும் வெளிப்படத் தொடங்குதல் உண்டு.

சூல்முட்டை வெளிப்படாமையே குறையெனில், அண்டையிலுள்ள மருத்துவரே மாத்திரை தந்து ஸ்கேன் மூலம் கண்காணிக்க இயலும். சினைப்பை நீர்க்கட்டிக் குறையுடையோர்க்கு லெட்ரோசோல் என்னும் மாத்திரை இன்று முதன்மையாக வழங்கப்படுகிறது. 2011-இல் நம் நாட்டில் இதன் உபயோகத்துக்கு விதிக்கப்பட்ட தடை 2017-இல் நீக்கப்பட்டது. ஐந்து நாள் உண்ணும் மாத்திரைதான். எனினும் இரட்டைக்கருவும் தரித்தல் கூடுமாதலால், கண்காணிப்பின்றி மருந்துக்கடையில் வாங்கி உண்ணலாகாது. முதல் மாதத்திலேயே பலன் கிட்டாமையால் மருத்துவரை மாற்றுவோர் பலர். அரசமரத்தைச் சுற்றிவிட்டு அடிவயிற்றைத் தொட்டுப் பார்த்த கதைதான் அது. சூல்முட்டை வெளிப்படுவது உறுதியானால், மூன்று முதல் ஆறு மாதம் பொறுத்திருப்பது நியாயம். அதற்குமேலும் அதே மாத்திரையை ஆண்டுக்கணக்கில் உண்பது நியாயமன்று.

ஆதலின் எல்லை எதுவென்பதையும் அறிந்திருத்தல் வேண்டும். இரு குழாய்களும் அடைபட்டிருத்தல், விந்தணு அறவே இல்லாமை அல்லது மிகக் குறைந்திருத்தல், மனைவியின் வயது நாற்பதை நெருங்குதல், ஆறு மாத மருந்தும் பயனளியாமை ஆகிய நிலைகளில் தாமதமின்றி உயர்சிகிச்சைக்குச் செல்லவேண்டும். நல்ல மருத்துவர் தாமே அனுப்பிவைப்பார். "எத்தனை மாதம் முயல்வோம்? பலிக்கவில்லையெனில் எங்கு அனுப்புவீர்கள்?" என்று முதலிலேயே கேட்டறிவது தவறாகாது.

உயர்சிகிச்சைக்கும் இன்று சட்டக் காப்பு உண்டு. 2021-ஆம் ஆண்டு இயற்றப்பட்ட இனப்பெருக்கத் துணைத் தொழில்நுட்ப ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி, கருப்பையினுள் விந்து செலுத்தும் சிகிச்சையை மட்டும் செய்வோர் முதல்நிலை நிலையமாகவும், சோதனைக்குழாய் முறையைச் செய்வோர் இரண்டாம்நிலை நிலையமாகவும் பதிவு செய்திருக்கவேண்டும். அப்பதிவுச் சான்றைக் கேட்டுப் பார்ப்பது நம் உரிமை. இச்சிகிச்சை பெறும் பெண்ணின் வயது 50-க்கும், ஆணின் வயது 55-க்கும் உட்பட்டிருத்தல் வேண்டும். கருவின் பால் கூறுவதாகவோ ஆண்குழந்தையே தருவதாகவோ எவரேனும் உறுதியளித்தால் அங்கிருந்து உடனே விலகுக. அது சட்டப்படி குற்றம். தனியார் நிலையத்துச் செலவு இயலாதோர் சில அரசு மருத்துவமனைகளை நாடலாம். தில்லியில் அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தில் சோதனைக்குழாய் முறைச் சிகிச்சை உண்டு. மத்திய அரசு ஊழியர்கள் சிகிச்சை தொடங்குமுன்பே, செலவை ஈடுபெறும் விதிகளையும் முன் அனுமதி பெறும் முறையையும் தம் நலவாழ்வுத் திட்ட மருந்தகத்தில் விசாரித்தல் வேண்டும்.

எல்லா முயற்சியும் எல்லார்க்கும் பலிப்பதில்லை என்பதையும் மறைப்பதற்கில்லை. ஆனால் காரணம் அறியாமல் வருந்துவது வேறு. அறிந்தபின் தம்பதிகள் கலந்து முடிவு செய்வது வேறு. முன்னதில் பழி ஒருத்தியின் தலையில் விழுகிறது. பின்னதில் பொறுப்பை இருவரும் பகிர்ந்துகொள்கின்றனர். உறவினர் அருகில் இல்லாத ஊரில் வாழும் நமக்கு, கணவன் மனைவிக்கும் மனைவி கணவனுக்கும் உற்ற துணையாவர். ஆகவே அடுத்த மாதவிலக்கின் முதல் நாளை நோட்டில் குறித்துவைத்து, அருகிலுள்ள மருத்துவரிடம் நாள் கேட்டு, இருவருமாகச் சென்று வாருங்கள்.