உதவிக்கு உரியவர் யார்?



அரசு உதவி என்றதும், "ஓட்டு வீடு இருக்கிறதே, உழைக்கக் கைகால் இருக்கின்றனவே, இவருக்கு ஏன்?" என்று கேட்பவர் பலர். இக்கேள்வி பழமையானது. 1601-இல் இங்கிலாந்தில் இயற்றிய ஏழையர் சட்டமும் உழைக்க இயலாத ஏழை வேறு, உழைக்க வல்ல ஏழை வேறு என்றே பிரித்தது.

இவ்வாறு பிரிக்கும்போது இருவகைப் பிழை நேரும். வேண்டாதவர் பெற்றுவிடுதல் ஒன்று. வேண்டியவர் விடுபடுதல் மற்றொன்று. முன்னது ஊரார் கண்ணில் படும். தேநீர்க் கடையில் பேச்சாகும். பின்னதோ ஒரு வீட்டின் அடுப்படியோடு அடங்கிவிடும்.

தமிழ்நாட்டில் 2023 செப்டம்பர் 15-இல் மகளிர் உரிமைத் தொகைத் திட்டம் தொடங்கியது. மாதம் 1,000 ரூபாய் பெற, குடும்ப ஆண்டு வருமானம் 2.5 லட்சத்திற்கும், நன்செய் 5 ஏக்கருக்கும், புன்செய் 10 ஏக்கருக்கும் மிகலாகாது என அப்போது விதித்தனர். அரசின் பொருள் அளவுடையது. ஆதலின் அளவுகோலும் வேண்டுவதே. ஆயினும் நம் சேலம், நாமக்கல் சமவெளியை எண்ணிப் பாருங்கள். மழை பொய்த்த ஆண்டில் மானாவாரி நிலம் பத்திரத்தில் மட்டுமே செல்வம். கடனில் வாங்கிய லாரி வாசலில் நின்றால், உடையவர் செல்வராகத் தோன்றுவார். தவணை நோட்டு வேறு கதை சொல்லும்.

அளவுகோலினும் கொடியது வெட்கம். ஆசிரியனாக இருந்து நான் கண்டறிந்தது இது. இலவசக் குறிப்பேடு வழங்குமிடத்து, "ஏழைப் பிள்ளைகள் எழுந்து நில்லுங்கள்" என்றால், மிக வறிய சிறுவனே தலைகவிழ்ந்து அமர்ந்திருப்பான்.

இதனை உணர்ந்தே சிலவற்றை எல்லார்க்கும் பொதுவாக்கினர். 1997-இல் நடுவணரசு ரேஷன் முறையை வறுமைக் கோட்டால் பிரித்தபோதும், தமிழகம் அதனைப் பொதுவாகவே நடத்தியது. அரிசி வேண்டாதார் பலர் தாமாகவே சர்க்கரை அட்டையை நாடினர். 2022-இல் தொடங்கிய காலை உணவுத் திட்டத்திலும், அரசு தொடக்கப் பள்ளிகளில் ஐந்தாம் வகுப்பு வரை, "உன் தந்தை யார், வருமானம் என்ன?" என்று கேட்பதில்லை. வந்த பிள்ளைக்குத் தட்டில் உணவு உண்டு.

பொதுவாகக் கொடுத்தால் செலவு மிகும். தெரிந்து கொடுத்தால் சிலர் விடுபடுவர். எதற்கு எது பொருந்தும் என்பதை நாளை நீங்களே முடிவு செய்யவிருக்கிறீர்கள். அப்போது "தகுதியற்றவர் எவர் பெற்றார்?" என்று கேளுங்கள், தவறில்லை. அதனோடு, "தகுதியுடையவர் எவர் விடுபட்டார்?" என்றும் மறவாது கேளுங்கள்.